படை லாரி எஞ்சின்களின் மூல வண்ணம்

1945 செப்டம்பரில் மோரிப், போர்ட்டிக்சன் கரைகளில் பிரித்தானிய இந்தியப் படைகள் இறங்கியபோது, மோரிப் சேற்றில் பல வண்டிகள் புதைந்தன. போருக்குப் பின் படையினர் கழித்து விற்ற லாரிகள் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தன. நெகிரி செம்பிலானிலும் அவை பால் ஏற்றின, ரப்பர்ச் சீட்டு ஏற்றின, ஆட்களையும் ஏற்றின.

அத்தகைய லாரி ஒன்றின் எஞ்சின், ஆலையை விட்டு வெளிவந்தபோது என்ன நிறத்தில் இருந்தது? வெளியுடல் பச்சையாயின் எஞ்சினும் பச்சையே என்று கொள்வோர் பலர். இது பொருந்தாது. வெளியுடலின் நிறத்தை விதித்தது படைத்துறை. பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு பற்றாமையால் பிரித்தானியப் படை 1941-க்குப் பின் கபில நிறத்தை மேற்கொண்டது. 1944-இல் ஆலிவ் பச்சைக்கு மாறியது. போருக்குப் பின் கரும்பச்சை வந்தது. எஞ்சினுக்கோ, அதைச் செய்த ஆலை தன் வழக்கப்படி வண்ணமிட்டது. எனவே ஒன்றைக்கொண்டு மற்றொன்றை முடிவு செய்தல் இயலாது.

எஞ்சினிடமே சான்று தேடவேண்டும். நுண்ணிய உப்புத்தாளால் ஓரிடத்தை நீர்விட்டு மெல்லத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல் பூச்சுகள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். உலோகத்தை ஒட்டியிருப்பதே மூத்த பூச்சு. ஆயினும் மூத்தது யாவும் ஆலைப் பூச்சு ஆகாது. படைப் பட்டறைகள் எஞ்சினை முற்றும் பிரித்து, காரநீர்த் தொட்டியில் கழுவிப் புதுக்கின. அப்போது பழைய வண்ணம் பெரும்பாலும் போய்விடும். பொறியியற் படைப்பிரிவு பிரித்தானியப் படையில் 1942-இலும் இந்தியப் படையில் 1943-இலும் தனியே அமைந்தபின் இவ்வேலை பெருகியது. ஆகவே புதுக்கிய நாளைக் குறிக்கும் தகடு உண்டா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். இல்லையேல், தகடுகளின் அடியிலும் தாங்கிகளின் பின்புறத்திலும் வார்ப்பின் இடுக்குகளிலும் தேடலாம். ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைப் பிரித்தறிவதும் இத்தகைய வேலையே.

எல்லா உறுப்பும் வண்ணம் பூண்டதன்று. துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் பெரும்பாலும் வண்ணமின்றியே வந்தது. திருகாணிகளுக்கு முன்னர் இட்ட காட்மியம் முலாம் போர்க்காலத்தில் அரிதாகவே, கருநிறப் பாஸ்பேட்டுப் பூச்சு பரவியது. புகைபோக்கிக் குழாயில் எப்பூச்சும் வெப்பத்தால் எரிந்துவிடும். அங்கே துருவைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

தோட்ட லாரிக்கு இன்னுமோர் இடர் உண்டு. ரப்பர்ப்பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளையை அரிக்கும். பால் ஏற்றிய லாரியில் பித்தளை உறுப்பின் நிறத்தை நம்பி எதையும் முடிவு கட்டலாகாது. மணல் பாய்ச்சித் துப்புரவு செய்துவிட்ட எஞ்சினில் ஆராயவும் ஒன்றுமில்லை.