மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பு

மன்னார் வளைகுடா முக்குளிப்பு என்பது இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட பவளப்பாறைக் கடலில், மூச்சடக்கியோ மூச்சுக்கருவியுடனோ நீருக்கடியில் இறங்கும் தொழிலையும் விளையாட்டையும் குறிக்கும். தேனி, இடுக்கி மலைப்பகுதிகளில் இருப்பவர்களுக்கு எளிதில் எட்டக்கூடிய பவளக்கடல் இதுவே. இங்கே விளையாட்டு நேற்று வந்தது. தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டு வயது.

கொற்கை முத்துக்குளிப்பை முதல் நூற்றாண்டின் எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் எழுதினார். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து விரைந்து இறங்குவார். ஒரு நிமிடம் போலக் கிடைக்கும் அவகாசத்தில் சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் மேலே இழுப்பார். சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

சங்குகுளித் தொழில் அதற்குப் பின்னும் நிலைத்தது. குளிப்பவர்கள் முகக்கண்ணாடி போட்டு, பாதங்களில் அலுமினியத் தகடுகளைத் துடுப்பாகக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சங்கு மணலில் ஊர்ந்துபோன தடத்தைப் பார்த்து, அது புதைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் திறமை. அந்தச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைவளையாகிறது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையுடன் கடற்பாசி எடுக்க முக்குளிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் பன்னாட்டு சீகாலஜி விருது கிடைத்தது. இந்தியாவில் முக்குளிப்பின் வரலாறு எழுதுவோர் இவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும்.

இங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்கின்றன. பெரும்பாலானவை ஆளுயரம், இரண்டாளுயர நீரில் இருப்பதால் அவற்றைப் பார்க்கக் கண்ணாடியும் ஸ்நார்கெல் குழாயுமே போதும். சிலிண்டர் தேவைப்படுவது தொலைவில் உள்ள பார்களுக்குத்தான். இதுவரை 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டியதில், அத்தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டு நின்றது, வெப்பம் வந்தது. 2016 கோடையில் பவளங்கள் வெளிறி, உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குச் சரிந்தது. பார்க்க வருபவர் துடுப்புக்காலால் ஒரு கிளையை ஒடித்தாலும் அது இந்த இழப்பின்மேல் இழப்பு.

1986 முதல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளுக்குப் போகக்கூடாது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு அத்துறையே படகு விடுகிறது. காலமும் பார்க்கவேண்டும். ஆண்கடல் எனப்படும் வளைகுடா கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கொந்தளித்துக் கலங்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் வாடைக் காலத்தில் சீறும். முத்துக்குளிப்பு பெரும்பாலும் பங்குனி, சித்திரையையொட்டி நடந்ததற்கு அப்போது கடல் அடங்கித் தெளிவதே காரணம்.

சிலிண்டருடன் இறங்கும் ஸ்கூபாவின் அடிப்படை, அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் இருக்கும் ஒன்றோடு சேர்த்து 20 மீட்டரில் மூன்று மடங்கு. மூச்சடக்கி இறங்குபவரின் நுரையீரல் அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டரோ சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகவே காற்றைத் தருகிறது. ஆகவே சிலிண்டர்க் காற்றைச் சுவாசித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும். சங்குகுளித் தொழிலாளிக்கு உயிர்காக்கும் பழக்கமான மூச்சடக்கல், ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும். காதுவலி வருமுன்பே மூக்கைப் பிடித்து ஊதிச் சமப்படுத்தவேண்டும். தொடக்கச் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர் எல்லை.

ஆழத்தில் உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன், மேலே வந்தபின் மெல்ல மெல்லவே வெளியேறும். அழுத்தம் திடீரெனக் குறைந்தால் அது குமிழியாகி மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுபோகும். முக்குளித்த உடனே விமானம் ஏறக்கூடாது என்பதைப் பலரும் அறிவர். மலை ஏறுவதும் அதே ஆபத்துதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடலோர ஊரான மண்டபத்திலிருந்து மதுரை, போடி வழியாகப் போடிமெட்டு ஏறி மூணாறு, வட்டவடை போகும் சுற்றுலாக்காரர் ஒரே பகலில் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டுகிறார். விமான அறைக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறத்தாழ இந்த உயரத்துக்குரிய அளவுதான். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் சமவெளியிலேயே தங்கவேண்டும். ஸ்நார்கெல் போட்டு மேற்பரப்பில் மிதந்தவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மலைப்பாதையில் மூட்டுவலியோ மரப்போ தோன்றினால் ஏற்றத்தை நிறுத்தி, கீழே இறங்கி, ஆக்சிஜன் கிடைக்கும் மருத்துவமனைக்குச் சென்று, முக்குளித்ததை முதலில் சொல்லவேண்டும்.