செங்கல் ஊரிலிருந்து கிள்ளான் வரை

கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்றால் 'லிட்டல் இந்தியா'. அந்தப் பெயருக்கு அவ்வளவு வயதில்லை. 2010 அக்டோபரில் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் வந்து திறந்துவைத்தது. அதற்கு நூறாண்டுக்கும் முன்பே இது செங்கல் ஊர், பிறகு ரயில் ஊர்.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் பலகையுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார், மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்கான சூளைகள் எரிந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890இல் கிள்ளானுக்குள்ளேயே போனது.

ரயில்வேக்குத் தமிழர்கள் இரண்டு வழியாக வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தண்டவாள வேலைக்கு. ஆங்கிலம் படித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள். மொழி ஒன்று, சம்பளம், வீடு, மரியாதை எல்லாம் வேறு. ஸ்காட் சாலையில் இருக்கும் ஸ்ரீ கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் எழுப்பியது.

மதுரையிலிருந்து வந்த தோழியை இங்கே நடத்திக் கூட்டிப்போனேன். கடைக்கார அக்கா, "பசியாறியாச்சா தங்கச்சி?" என்றதும் இவள் விழித்தாள். மலேசியத் தமிழில் காலைச் சாப்பாடுதான் பசியாறுதல். ரொட்டி சானாய் வந்தது. "நம்ம பரோட்டாதானே இது?" என்றாள். "சொந்தக்காரன்தான். மலாய்ப் பேரு வச்சுக்கிட்டு, பருப்புக் குழம்போட வாழ்றான்" என்றேன்.

1904இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தோம். பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001இல் திறந்த நிலையம் அது. ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் இப்போது இல்லை. கொமுட்டர் ஏறினால் சுபாங், ஷா ஆலம் என்று கட்டடங்களாக வரும். ஷா ஆலம் ஒரு காலத்தில் தோட்டம்.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலை. வாழையிலையில் சோறு, பொரித்த மீன், ரசம், அப்பளம். இந்த ஊரின் பெயரைச் சொன்னால் சீனர்களுக்குப் பக் குட் தே நினைவுக்கு வரும். மூலிகைச் சாற்றில் வெந்த பன்றி எலும்பு. துறைமுகக் கூலிகளின் சாப்பாடு என்பார்கள். எங்களுக்கு நினைவுக்கு வரவேண்டியது 1941.

அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னே நின்றவர் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவிலிருந்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களைச் சீண்டாமல் இருப்பது என்று கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி. மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

"துரைன்னா வெள்ளைக்காரன், சரி. கிராணி யாரு?" என்றாள் தோழி. கிராணிகளில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

'லிட்டல் இந்தியா' என்ற பலகையில் எனக்குள்ள சிக்கல் இதுதான். யாழ்ப்பாணத்தானையும் தோட்டத்துக் கூலியையும் ஒரே நிறத்தில் பூசி, இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த அந்தச் சைக்கிளை மறைத்துவிடுகிறது. நான் நடந்த தெருக்களில் 1941ஐச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. கிள்ளானுக்கு யாரையாவது சாப்பிடக் கூட்டிப்போனால், இலையை மடிக்கும் முன் இதையும் சொல்லிவிடுங்கள். ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.