கண்புரை அறுவை சிகிச்சை: காப்பீடு எவ்வளவு தரும், மீதியைச் செலுத்துவது யார்?

புது தில்லி: கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் அன்றைய தினமே வீடு திரும்புகின்றனர். எனினும், அவர்கள் கையிலிருந்து செலுத்தும் தொகை, மருத்துவமனைக்குப் பணம் வழங்கப்படும் முறையைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகிறது.

24 மணி நேர நிபந்தனை

மருத்துவக் காப்பீட்டில் இழப்பீடு பெறக் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தொழில்நுட்ப வளர்ச்சியால் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும் அறுவை சிகிச்சைகள் 'டே கேர்' பிரிவில் ஏற்கப்படுகின்றன. கண்புரை அறுவை சிகிச்சை இதில் அடங்கும். வழக்கமாக வெளிநோயாளியாகவே பெறப்படும் சிகிச்சைகள் இப்பிரிவில் சேராது.

கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்தை, காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளில் ஒன்றாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2019-இல் அறிவித்தது. எனினும், அதற்கு உச்சவரம்பு விதிக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு.

உச்சவரம்பு

2020 ஏப்ரலில் அறிமுகமான 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், ஓர் ஆண்டில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ரூ.40,000, இவற்றில் எது குறைவோ அதுவே வழங்கப்படும். ரூ.1 லட்சம் காப்பீடு பெற்றவருக்கு வரம்பு ரூ.25,000, ரூ.5 லட்சம் பெற்றவருக்கும் ரூ.40,000 மட்டுமே. 24 மாதக் காத்திருப்புக் காலமும், 5 சதவீதத் தொகையைப் பாலிசிதாரரே ஏற்கும் நிபந்தனையும் உண்டு. விலை உயர்ந்த செயற்கை லென்ஸைத் தேர்வு செய்தால், வரம்பைக் கடந்த தொகை நோயாளியைச் சேரும்.

தொகுப்புக் கட்டணம்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிலையான தொகுப்புக் கட்டணம் உண்டு. பயனாளியிடம் கூடுதல் பணம் பெற மருத்துவமனைகளுக்கு அனுமதி இல்லை. செலவு குறைந்தால் மிச்சம் மருத்துவமனைக்கு. கூடினால் இழப்பும் அதற்கே. இதனால் குறைந்த செலவில் அதிக அறுவை சிகிச்சைகளைச் செய்ய ஊக்கம் கிடைக்கிறது. அதேவேளையில், கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் லென்ஸின் தரத்திலும் தொடர் பரிசோதனைகளிலும் சிக்கனம் காட்டப்படும் அபாயம் உள்ளது.

கவனிக்க வேண்டியவை

லென்ஸின் விலை, பாலிசியின் உச்சவரம்பு, காத்திருப்புக் காலம் ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டறிவது நல்லது. பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டுள்ளது.