சாய்ந்தமருதும் கல்விப் பரிவர்த்தனையும்

ஓரூரார் பிறிதோர் ஊராரோடு உறவு பூண்டு, அறிவையும் அநுபவத்தையும் கொண்டும் கொடுத்தும் வாழ்தல் மனித நாகரிகத்தின் தொன்மையான வழக்காகும். அவ்வழக்கு 'சகோதர நகரங்கள்' என்னும் பெயரோடு உலகெங்கும் பரவுவதற்கு இரண்டாம் உலகப் போர் காரணமாயிற்று. போரினாற் சிதைந்த இங்கிலாந்தின் கொவென்றி நகரமும் ருஷ்யாவின் ஸ்டாலின்கிராட் நகரமும் 1944 இல் தம் துயரத்தையே உறவாக்கிக்கொண்டன. நாடுவிட்டு நாடு சென்று மாணவர் கற்கும் திட்டங்களும் போருக்குப் பின்னரே பெருகின.

அதே போரின் நெருக்கடி ஈழத்தின் கீழைக் கரையிலும் ஒரு கல்வியுறவுக்கு வித்திட்டது. உணவுத் தட்டுப்பாட்டை நீக்க நெற்செய்கையைப் பெருக்கும் பொருட்டு, 1942 இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக நியமிக்கப்பெற்றார். அவர் 1911 இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர். புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று மீண்டவர். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். நெல்லைப் பெருக்க வந்த அவ்வதிபர், சாய்ந்தமருது முதலிய ஊர்களின் உழவர், மீனவர் குடும்பங்களிற் கூரிய அறிவுடைய பிள்ளைகளும் பொருளின்மையாற் கல்வியை இடையில் விடுவதைக் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அவ்வநுபவமே விரிந்து, 1945 இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாயிற்று.

இந்நிதியின் சிறப்பு யாது? புலமைப் பரிசில் இல்லையேல் அஸீஸ் கேம்பிறிட்ஜைக் கண்டிரார். தாம் பெற்ற வாய்ப்பைப் பிறர்க்கும் உரியதாக்கியதே அவரது பணி. பொருளுடையார் மாத்திரம் கடல் கடப்பராயின் அது பிரயாணமாகுமேயன்றிப் பரிவர்த்தனை ஆகாது.

சாய்ந்தமருதில் 1949 இல் தோன்றிய பாடசாலை கல்முனை ஸாஹிறாக் கல்லூரியாகப் புகழ்பெற்றது. அப்பெயரும் ஓர் அயல்நாட்டுத் தொடர்பை நினைவூட்டுவதாகும். ஆங்கிலேயரால் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பெற்று 1883 முதல் 1901 வரை இலங்கையில் வாழ்ந்த அறபி பாஷா அவர்களின் ஊக்கமும், சித்திலெப்பை முதலானோரின் முயற்சியும் ஒன்றுகூடியே 1892 இல் கொழும்பு மருதானையில் முதல் ஸாஹிறா எழுந்தது. 1948 முதல் 1961 வரை அதன் அதிபராயிருந்தவரும் அஸீஸ் அவர்களே. பின்னர் எகிப்து சென்றுவந்த அவர், தாம் கண்டவற்றை 'மிஸ்றின் வசியம்' என்னும் நூலாகத் தமிழிற் தந்தார்.

தொலைநாட்டு உறவைப் போற்றுவோர் அயலூர் உறவை மறத்தல் தகாது. சாய்ந்தமருதுக்கு அணித்தேயுள்ள காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலானந்த அடிகளார், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்வி வளர்த்து, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். யாழ்ப்பாணம் கல்முனைக்கு ஓர் அஸீஸை ஈந்தது. காரைதீவு தமிழ்நாட்டுக்கு ஓர் அடிகளாரை ஈந்தது. இவ்விருவரும் பூண்டிருந்த நட்பு, சமய வேறுபாடு கல்விக்குத் தடையன்று என்பதற்குச் சான்றாகும்.

பிற்காலத்து உள்நாட்டுப் போர் இவ்வயலூர் உறவுகளைப் பெரிதும் புண்படுத்தியது. அப்போரின் இன்னல்களுக்கிடையே 1995 இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாகி, இதே கரையில் ஒலுவிலில் விளங்குகின்றது. ஒருகாலத்தில் உயர்கல்விக்குப் பிள்ளைகளை வெளியூர்க்கு அனுப்பிய இக்கரை, இன்று பல இனத்து மாணாக்கரையும் வரவேற்கின்றது. கடல்கடந்த நகரங்களோடு சகோதர உறவு நாடுதல் நன்றே. ஆயின், ஏழை மாணாக்கனுக்குப் பொருளும், அயலூரானுக்கு நெஞ்சில் இடமும் ஈந்த பின்னரே அவ்வுறவு பொருளுடையதாகும். சாய்ந்தமருதின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.