சேகா: வேரை உதறி வாழ்ந்த பெயர்

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனங்களின் பெயர்களில் சேகா உள்ளூர்ப் பெயராகவே தோன்றும். மெய்யும் உயிருமாக மாறி மாறி வரும் இரண்டே அசை. சகுரா, சுசுகி என்ற சொற்களின் வரிசையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் வேர் கிடையாது. அதன் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது.

1940இல் ஹொனலூலுவில் மார்ட்டின் புரோம்லி, இர்விங் புரோம்பெர்க், ஜேம்ஸ் ஹம்பர்ட் என்ற மூன்று அமெரிக்கர்கள் ஸ்டாண்டர்டு கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ராணுவ முகாம்களுக்குக் காசு போட்டு ஆடும் இயந்திரங்களைத் தருவது தொழில். போர் முடிந்ததும் அதை விற்றுவிட்டு 1946இல் சர்வீஸ் கேம்ஸ் என்று புதிதாக ஆரம்பித்தார்கள். நம் ஊரில் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ என்கிறோமே, அந்த சர்வீஸ்தான் இது: படைப்பணி. வாடிக்கையாளர் யார் என்பதைப் பெயரே சொல்லிவிட்டது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் ஆட்சிப் பகுதிகளில் சூதாட்ட இயந்திரங்களுக்குத் தடை போட்டது. புரோம்லி தன் ஆட்கள் ரிச்சர்ட் ஸ்டூவர்ட், ரே லெமேர் இருவரையும் தோக்கியோவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த அமெரிக்க முகாம்களை நம்பி சர்வீஸ் கேம்ஸ் ஆஃப் ஜப்பான் பிறந்தது. 1954இல் டயமண்ட் ஸ்டார் என்ற சூதாட்ட இயந்திரத்தின் மேல் முதன்முதலாக ‘சேகா’ என்ற சொல் வந்தது. சர்வீஸ் என்பதன் முதல் இரண்டு ரோமன் எழுத்து, கேம்ஸ் என்பதன் முதல் இரண்டு ரோமன் எழுத்து: எஸ், இ, ஜி, ஏ.

இந்தச் சுருக்கத்தின் பாங்கைக் கவனிக்க வேண்டும். நீண்ட பெயர்களை வெட்டிச் சுருக்குவது ஜப்பானியர்களுக்குக் கைவந்த கலை. பர்சனல் கம்ப்யூட்டர் பாசோகான் ஆனது. ஃபேமிலி கம்ப்யூட்டர் ஃபாமிகான் ஆனது. பாக்கெட் மான்ஸ்டர் போகெமான் ஆனது. அவர்கள் வெட்டுவது ஒலியை. ஜப்பானியர் வாயில் சர்வீஸ் என்பது ‘சாபிசு’, கேம்ஸ் என்பது ‘கேமுசு’. அவர்கள் வழக்கப்படி வெட்டியிருந்தால் ‘சாகே’ போல ஏதோ ஒன்று கிடைத்திருக்கும், சேகா கிடைத்திருக்காது. வெட்டியது எழுத்தை என்பதால் இது அமெரிக்கர் கைவேலை என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆனாலும் வெட்டிய இரண்டு துண்டும் ஜப்பானிய கதகானா எழுத்து இரண்டில் கச்சிதமாக அடங்கிவிட்டன. ஆங்கிலத்தில் இழுத்து ‘சேகா’ என்பார்கள். ஜப்பானியர் சொல்லும்போது இரண்டு அசையும் குறில்.

அதன்பின் மூலப்பெயர் மங்கத் தொடங்கியது. அமெரிக்க அரசின் விசாரணைகளால் கெட்ட பெயர் சேர, சர்வீஸ் கேம்ஸ் ஆஃப் ஜப்பான் 1960 மே 31 அன்று கலைக்கப்பட்டது. மூன்றே நாளில் அதன் தொழிலை ஏற்க இரண்டு நிறுவனங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று வணிகப் பெயராக வைத்துக்கொண்டது சேகாவை. 1965இல் டேவிட் ரோசன் நடத்திய ரோசன் என்டர்பிரைசஸ் வந்து சேர, சேகா என்டர்பிரைசஸ் உருவானது. விரிவு போய்ச் சுருக்கமே பெயராக நின்றது.

இனி வருவது திரையின் காலம். தடித்த எழுத்துகளின் நடுவே கோடு ஓடும் சின்னம் 1970களின் நடுவில் வந்தது. அதற்கு உயிர் கொடுத்தது 1991இல் வந்த சோனிக் ஆட்டம். வெள்ளைத் திரையில் நீல எழுத்து நான்கும் நிறம் மாறி மின்ன, ஒரு கூட்டுக் குரல் ‘சே...கா...’ என்று பாடும். ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒலித்த குரல் அது. மொத்தமே 512 கிலோபைட் கொண்ட கேசட்டில் பதிவு செய்த மனிதக் குரலுக்கு இடம் ஒதுக்குவது பெரிய செலவு. ஆட்டத்துக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத அந்தக் குரலுக்காக அந்தச் செலவைச் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் ஆட்டத்தில் அதன் நாயகன் சோனிக்கே திரையின் குறுக்கே பாய்ந்தோட, அவன் தடத்தில் எழுத்துகள் எழுந்தன. படைமுகாம் சரக்கின் முத்திரை, பிள்ளைகள் கூடவே பாடும் இரண்டு சுரமாகிவிட்டது.

அதே காலத்தில் அந்த நான்கு எழுத்துக்கு வேறொரு வேலையும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் விற்ற கருவியின் புதிய வடிவம், கேசட்டைச் செருகியதும் உள்ளே குறிப்பிட்ட இடத்தில் நான்கு பைட்டுகளைத் தேடும். எண்ணாகச் சொன்னால் 83, 69, 71, 65. எழுத்தாகப் படித்தால் அதுவே சேகா. அவை இருந்தால்தான் ஆட்டம் ஓடும். கூடவே, இது சேகா என்டர்பிரைசஸ் தயாரித்தது அல்லது அதன் உரிமம் பெற்றது என்ற வரி சுமார் மூன்று நொடி திரையில் நிற்கும்.

உரிமம் வாங்காமல் ஆட்டம் தயாரித்த அக்கோலேடு நிறுவனம் கருவியை ஆராய்ந்து, இந்த எழுத்துகளின் வேலையைக் கண்டுபிடித்துத் தன் கேசட்டுகளிலும் சேர்த்தது. இதற்குத் தேவைப்பட்ட நிரல் 20 முதல் 25 பைட். ஆட்டங்களோ லட்சக்கணக்கான பைட். சேகா வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வேறு வழியில்லாதபோது கருவியோடு இணங்குவதற்காக நிரலைப் பிரித்தறிவது நியாயமான பயன்பாடு என்றது. அக்கோலேடின் ஆட்டத்துக்கு முன்னால் சேகாவின் பெயர் பொய்யாகத் தோன்றியதே என்ற புகாருக்கும், அப்படித் தோன்ற வைத்தது சேகாவின் கருவிதான் என்று பதில் சொன்னது.

பெயர்களின் வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு என்று நினைக்கிறேன். ஒரு பொருள் யாருடையது என்று காட்டுவது பெயரின் வேலை. அதையே சாவியாக்கி, அதைச் சொல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி செய்துவிட்டு, சொன்னவனைத் திருடன் என்றால், அங்கே பெயர் தன் வேலையை விட்டு வேலியாகிவிடுகிறது. அந்த வேலியைத்தான் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

2000இல் என்டர்பிரைசஸ் என்ற ஒட்டும் உதிர்ந்தது. மறு ஆண்டே சேகாவின் சொந்த ஆட்டக் கருவியான டிரீம்காஸ்டின் உற்பத்தியும் நின்றது. சேகா பிறருடைய கருவிகளுக்கு ஆட்டம் எழுதும் நிறுவனமானது. 2022இல் ஜப்பான் நகரங்களில் சேகா பெயரில் இயங்கிய ஆட்டக் கூடங்கள் முழுவதும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போக, பலகைகளில் கீகோ என்ற பெயர் ஏறியது. அதுவும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான்.

சிப்பாய்கள், சூதாட்ட இயந்திரம், சொந்தக் கருவி, ஆட்டக் கூடம் என்று இந்தப் பெயர் சுட்டிய பொருள்கள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. பெயர் மட்டும் விலகவில்லை. அது எதன் சுருக்கம் என்று கேட்காமலே இரண்டு தலைமுறை அதைப் பாடிப் பழகிவிட்டது. இன்று சேகாவின் பொருள் அந்தப் பழக்கம்தான்.