கணக்கு தப்பிய மினிமோக்

நம்ம புது தீம் மியூசிக்கைக் கேட்ட நண்பர் ஒருத்தர், "லிஃப்ட்ல ஓடுற பாட்டு மாதிரி இருக்குடா"ன்னார். கடுப்பாத்தான் இருந்தது, ஆனா அவர் சொன்னது சரி. சிந்தசைசரை நேரா ஆடியோ இன்டர்ஃபேஸில் சொருகிப் பதிவு செய்திருந்தேன். ரொம்ப சுத்தமா இருந்தது, அதுதான் பிரச்சினை.

ஒருவர் பாடினால் அறை, காற்று, மைக் எல்லாம் சேர்ந்து பதிவாகும். சிந்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது; மின்சாரமாகவே பிறந்து வயர் வழியாகவே வந்துவிடுகிறது. வழியில் ஏதாவது ஒன்று அதைக் கொஞ்சம் நசுக்க வேண்டும். அதுதான் சாச்சுரேஷன். ஒரு கருவி தாங்கும் அளவை சிக்னல் நெருங்கும்போது அலையின் உச்சி மழுங்குகிறது, மூல அதிர்வெண்ணின் மடங்குகள் புதிதாக முளைக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த கதை 1970இல் வந்த மினிமோக். மிக்ஸரிலிருந்து ஃபில்டருக்குப் போகும் சிக்னல், திட்டமிட்டதைவிட 10 முதல் 15 டெசிபல் அதிகமாக இருந்தது. கணக்குப் பிழை! ஃபில்டர் எப்போதும் லேசாகத் திணறிக்கொண்டே இருந்தது. அந்தத் திணறலைத்தான் உலகம் "மோக் சவுண்ட்" என்று கொண்டாடியது. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், பக்கே ஃபீச்சர் ஆகிவிட்டது.

அதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1968இல் வெண்டி கார்லோஸின் ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ வந்தது. அந்த மோக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும். அதனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக 8 டிராக் டேப்பில் அடுக்கினார். எந்த வரியும் டேப்பைத் தொடாமல் தப்பவில்லை. அன்றைய இன்ஜினியர்களோ டேப்பின் இந்த மழுங்கலைக் குறைக்கத்தான் மெனக்கெட்டார்கள். 1980களில் டிஜிட்டல் வந்து அதைத் துடைத்துப் போட்ட பிறகுதான், இலவசமாகக் கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்தது.

நானும் வாங்கினேன். ரெண்டு மாச வாடகைக் காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் ப்ரீஆம்ப். கெயினைப் பயந்து பயந்து குறைத்தே வைத்திருந்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. ஏற்றினால் கரகரவென்று உடைந்தது. மைக்கின் சின்ன சிக்னலுக்கான வாசலில் சிந்தின் லைன் லெவலைத் திணித்தால் வேற என்ன ஆகும்? அழாத குறையாக விற்றேன்.

இப்போ இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சாதாரண பாஸிவ் டிஐ பாக்ஸ். சிந்திலிருந்து அதற்கு, அதிலிருந்து இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்கு. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு குறைந்த அதிர்வெண்ணில்தான் முதலில் நிறையும். அதனால் சிந்தின் அவுட்புட்டை ஏற்ற ஏற்ற பேஸ் மட்டும் மெல்லத் தடிக்கிறது, மேல் ஸ்வரங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. லேசான சாயம் வேண்டுமென்றால் இரும்பைத் தேடுங்கள். பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஆக்டிவ் டிஐ பலவற்றில் இருக்காது.

ஒப்பிடும்போது ரெண்டு பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சத்தம் கூடினாலே காது நல்லா இருக்குன்னு சொல்லிடும். அப்படிச் சமப்படுத்தி, எது எதுன்னு சொல்லாமல் அதே நண்பருக்கு ரெண்டு ஃபைல் அனுப்பினேன். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஏன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியல. இன்னைக்கு ஆரம்பத்தில் நீங்க கேட்டது அந்த ரெண்டாவதுதான்.