மாதம் நூறு ரூபாய் நஷ்டஈடு: பாலாற்றுத் தோல் வழக்கின் கதை

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கோ ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரு வழக்கின் பெயரோடு சேர்ந்தே மனத்தில் பதிந்தவை. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த ஊர்களின் தோல் ஆலைகளை முன்வைத்துத்தான். கொள்கை பாடப்புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நஷ்டஈட்டுப் பணம் அவ்வளவு சுலபமாக ஊருக்கு வந்து சேரவில்லை.

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடுதல் பழைய தொழில். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்த பாதிப் பதத் தோல்தான் இங்கிருந்து கப்பலேறியது. 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் குரோமியம் பெருகியதும் அப்போதுதான். ஆலைக்குள் நடப்பது இதுதான்: உப்புத் தடவி மண்டியிலிருந்து வரும் தோலை முதலில் அலசுவார்கள், உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரைக் கழற்றுவார்கள். அதற்குப் பின் மரப் பீப்பாய் போலச் சுழலும் டிரம்மில் குரோமியக் கரைசல். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கணக்குச் சொல்கிறது. இத்தனையும் கலந்த தண்ணீர் ஓடையிலும் வயலிலும் ஆற்றிலும் போய்ச் சேர்ந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆறு, ஏரி, அணைக்கட்டு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்கள் வரக் கூடாது என்று 1989 மார்ச் 30-ல் தமிழக அரசு ஆணையே போட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பத்தாண்டு காலம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஊரில் பாதிப் பேருக்குத் தோலில்தான் பிழைப்பு என்றால், ஆலையை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்?

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், அதைக் கட்ட வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். நவம்பர் 30-க்குள் கழிவைச் சுத்திகரிக்க வழி செய்ய வேண்டும், டிசம்பர் 15-க்குள் வாரியத்தின் இசைவாணை வாங்க வேண்டும், வாங்காத ஆலையை மூட வேண்டும். ஆட்சியரையும் போலீஸ் கண்காணிப்பாளரையும் நீதிமன்றமே வேலைக்கு இறக்கியது. வழக்காடிய எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் கட்டணத்தை மாநில அரசு கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு.

மூடுவதைவிடக் கடினமான வேலை கணக்குப் போடுவது. யாருடைய கிணறு கெட்டது, எத்தனை ஏக்கர், எந்த ஆலையால்? ஆற்றோரம் வரிசையாக நிற்கும் ஆலைகளில் எதிலிருந்து வந்த உப்பு என்று நிலத்தடி நீர் சொல்லாது. இதற்கென்றே தனி ஆணையம் ஒன்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்தது. அது 2001 மார்ச்சில் தந்த முடிவின்படி 547 ஆலைகள் சேர்ந்து 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் தர வேண்டும். கோடி என்றால் பெரிதாகத்தான் தெரியும். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வராது. 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரைக்குமான நஷ்டஈடு அது. மாதத்துக்குச் சுமார் நூறு ரூபாய்.

அதையும் வாங்குவதற்குள் மறுபடி வழக்கு. தோல் உற்பத்தியாளர்கள் ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசுபவர்கள் இன்னொரு பக்கம் என்று தகராறு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் நடந்துகொண்டே இருந்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மட்டும் வந்துவிட்டன. உறுப்பினர் ஆலைகள் குழாய் வழியே கழிவை அனுப்பும், செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும். குரோமியத்தை அங்கே ஓரளவு பிரித்தெடுக்க முடிந்தது. உப்பு மசியவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு தொடாது. சவ்வு வடிகட்டி வேண்டும், அதற்குப் பின் ஆவியாக்கும் இயந்திரம் வேண்டும், இரண்டும் மின்சாரத்தைக் குடிப்பவை. பிரித்தெடுத்த கசடையும் எங்கேயாவது வைத்தாக வேண்டுமே. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய நிலையத்திலேயே இது நடந்தது.

இதற்கிடையே இந்த ஊர்கள் இருந்த பழைய வேலூர் மாவட்டமே 2019-ல் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. வழக்கு மட்டும் பிரியாமல் ஒரே கட்டாக நின்றது. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதை மறுபடி கையிலெடுத்தது. நஷ்டஈடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. பாலாற்றுப் பகுதியைக் கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. முதல் மனு போட்டு அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் தாண்டியிருந்தன.